நீலத்தில் ஆறு

"மார்ச் 14, வெள்ளி. ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு: சர்க்கரை மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்ட வேண்டும். இடது ஓரம் நான்காகிவிட்டது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

எழுதி முடித்து, பேனாவை மேசை விளிம்புக்கு நேராக வைத்தாள் அளவுகோல். அது வீட்டில் வைத்த பெயர். துண்டு மடிக்கவும் ஸ்கேல் தேடுகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். மாலையில் கேக் வகுப்பு. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைப் பிசைந்து, உருட்டி, கேக்கின் மேல் சுருக்கமில்லாமல் போர்த்தி, அதிலேயே பூவும் பொம்மையும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் ஒரே ஒரு படி பாக்கி. சொந்தக்காரர் அல்லாத ஒருவருக்கு ஆர்டர் எடுத்துச் செய்து, நோட்டில் 'திருப்தி' என்று கையெழுத்து வாங்கிவர வேண்டும். வாங்காதவர்கள் மறுபடியும் முதல் பாடத்துக்குப் போக வேண்டியதுதான்: மாவு பிசைதல். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை போய்ப் பிசைந்துவிட்டு வந்தாயிற்று.

இந்த முறை ஆர்டர் தந்தவர் பக்கத்துத் தெரு நீச்சல் பள்ளி மேடம். பின்னால் பிள்ளைகள் கத்த, விசில் அலற, போனில் அவசரமாகச் சொன்னார். அளவுகோல் குறித்துக்கொண்டாள்: 'நீலம். ஆறு. பளிச்சென்று இருக்க வேண்டும். சனி மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். விழா ஞாயிறு மாலை.' எண்களை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். எவளோ ஒருத்தி முன்பு 1 கிலோவை 7 என்று படித்துவிட்டாளாம்.

சனிக்கிழமை காலை, அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். வெள்ளைக் கேக்கின் மேல் ஒரு நீல ஆறு வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கூழாங்கற்கள். நடுவில் பாலம். பாலத்தடியில் இரண்டு வாத்துகள்.

"என்னடி இது?"

"ஆறு."

"அது தெரியுது. எதுக்கு ஆறு?"

"மேடம் கேட்டாங்க. நீச்சல் ஸ்கூல் இல்லையா, பொருத்தமாத்தான் கேட்டிருக்காங்க."

அண்ணன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "அங்க இருக்கறது குளம்டி. ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? வாசல்ல பேனர் கட்டியிருக்காங்களே, பார்க்கலையா? ஆறாம் ஆண்டு விழா! அது நம்பர் ஆறு!"

அளவுகோல் உடனே நீச்சல் பள்ளிக்குப் போன் போட்டாள். டிக்கெட் கொடுக்கிற அக்கா எடுத்தாள்.

"மேடம் தண்ணிக்குள்ள இருக்காங்க. என்ன விஷயம்?"

"அக்கா, கேக் ஆர்டர்ல ஆறுன்னு சொன்னாங்களே... அது ஓடுற ஆறா, நம்பர் ஆறா?"

"கேக்கு எங்கம்மா ஓடும்? நம்பர்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. போதுமா?"

"போதும்க்கா. ரொம்ப தேங்க்ஸ்."

பாலத்தை இடித்தாள். வாத்துகளைக் கிண்ணத்தில் குடியேற்றினாள். ஆற்றின் வாலைப் பிடித்து மெல்லச் சுழித்தால் ஆறு என்ற எண் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. சுழித்தாள். இரவெல்லாம் காய்ந்திருந்த ஆறு, வெயில்காலத்துக் குதிகால் மாதிரி வெடித்தது. இளகட்டும் என்று தண்ணீர் தொட்டாள். நீலம் கரைந்து வெள்ளைப் பக்கங்களில் வழிய ஆரம்பித்தது.

அம்மா எதிர்ப் பக்கமாக வந்து நின்றாள். "ஒன்பதா?"

"இந்தப் பக்கம் வந்து பாரும்மா. ஆறு."

"விழாவுக்கு வர்றவங்க எல்லாரும் அந்தப் பக்கமேவா நிப்பாங்க?"

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்!"

"சும்மாதான்டி இருக்கேன். கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

"நகருங்க, நகருங்க" என்று அண்ணன் தலைமுடி உலர்த்தும் மெஷினோடு வந்தான். ஈரத்தை நொடியில் காய வைக்கிறானாம். காய்ந்தது. கூடவே மாவுக்கு அடியில் பூசியிருந்த வெண்ணெய்க் கிரீமும் உருகியது. போர்வை நழுவி, எலாஸ்டிக் போன காலுறை போலக் கேக்கின் காலடியில் வந்து மடிந்தது.

"நான் நல்லதுக்குத்தான்..." என்றான் அண்ணன்.

"வெளியே போ."

போகவில்லை. மெஷினைத் தூர வைத்துவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். மிச்சமிருந்த மாவில் ஒரு பிடியை வெள்ளையாகவே ஒதுக்கிவிட்டு, மீதியில் நீலம் சேர்த்து இருவரும் பிசைந்தார்கள். அவள் ஸ்கேலால் அளந்தாள், அவன் உருட்டினான். பழைய போர்வைக்கு மேலேயே புதியதைப் போர்த்தினார்கள். எல்லாக் குற்றமும் மறைந்தது. கேக்குக்குக் கனம் தாங்கவில்லை. மெதுவாக இடுப்புப் பக்கம் தொப்பை தள்ளியது.

"குளுமையில வச்சா இறுகிடும்" என்று, யாரையும் கேட்காமல், அம்மா அதைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மூன்று மணிக்கு வெளியே எடுத்தபோது தொப்பை இறுகித்தான் இருந்தது. ஆனால் சூடு பட்டதும் மேலெல்லாம் முத்து முத்தாக வியர்த்தது.

அளவுகோல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்வளவுதான். மறுபடியும் மாவு பிசையப் போறேன். எனக்கு இதெல்லாம் வராதும்மா."

அம்மா பழைய பத்திரிகையால் கேக்குக்கு விசிறிக்கொண்டே சொன்னாள்: "வராதவளா இத்தனை நேரம் சாப்பிடாம நிப்பா? எழுந்திரு. அந்த நம்பரை ஒட்டு."

"குளத்துலேர்ந்து இப்பத்தான் ஏறி வந்த மாதிரி இருக்கு பாரு," என்றான் அண்ணன். "நீச்சல் ஸ்கூலுக்கு இதைவிடப் பொருத்தமா எவன் செய்வான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியர்வை அடங்கியதும் எழுந்து, ஒதுக்கிய வெள்ளையில் ஓர் ஆறு வெட்டி, நடுவில் ஒட்டினாள். எந்தப் பக்கம் கீழ் என்று சந்தேகம் வராதபடி அடியில் ஒரு வாத்தை உட்கார வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். தொப்பையும் நீலமுமாக, குளிக்க வைத்த குழந்தை மாதிரி, கேக் பளிச்சென்று இருந்தது. அவள் கையால் செய்ததிலேயே அதுதான் அழகு என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லவில்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் கேக்கை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "அடடா, வாத்து!" என்றார்.

அளவுகோல் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "சார், மேடம் சார்பா... இதுல 'திருப்தி'ன்னு ஒரு கையெழுத்து..."

"அதுக்கென்னம்மா, மேடமே போடச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க." பேனாவை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கு. மிச்சம் அஞ்சு கேக்கையும் எடுத்துட்டு வா, மொத்தமாப் போட்டுடறேன்."

"மார்ச் 15, சனி. நாளைய வேலை: விடிந்ததும் முட்டை வாங்க வேண்டும். அண்ணன் உருட்டுவான். அம்மா ஃப்ரிட்ஜ் பக்கம் போகக் கூடாது."