லோவல் விற்ற கல்லூரி

ஏரியில் பனிக்கட்டி உடைந்த அன்று லோவல் ஓஸ்ட்பி ஒரு சபதம் எடுத்தார். மகள் மாரிட் எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் படிக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்!

சபதம் எடுப்பது சுலபம். அதை வாய்விட்டுச் சொல்வது அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாக்காரருக்கு ஆகாத காரியம். 'நீ இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது' என்று பெற்ற மகளிடம் சொல்வதைவிட, அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் ஏரியிலேயே குதித்துவிடுவார்கள். ஆகவே லோவல் சொல்லவில்லை. திட்டம் போட்டார்.

மாரிட்டுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தவளை, இன்னொன்று பாட்டு. வசந்தம் வந்தால் முழங்கால் சேற்றில் நின்று தவளை கத்துவதைப் பதிவு செய்வாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவாள். உயிரியலும் இசையும், இரண்டையுமே மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எடுத்துப் படிக்கப் போகிறாளாம். இடம் கிடைத்திருந்ததும் இரண்டு இடத்தில். மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். இருபது நிமிஷத் தூரத்தில், பக்கத்து ஊரில், லிண்டல் கல்லூரி. அங்கே மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மே முதல் தேதிக்குள் எது என்று சொல்லியாக வேண்டும்.

இருபது நிமிஷம்! லோவல் மனசுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

ஒரே ஒரு தடை, மனைவி. பெயர் ஜோடி. பெயர்தான் ஜோடி, வீட்டில் முடிவு எப்போதும் ஒற்றை.

"ஜோடி, அந்த லிண்டல் காலேஜைப் பத்தி யோசிச்சியா?"

"அதுவா?" ஜோடி அடுப்பிலிருந்து ஹாட்டிஷை இறக்கினாள். ஒரே பாத்திரத்தில் கறியும் உருளைக்கிழங்கும் கொதித்தன. "அது கொஞ்சம் வித்தியாசமான இடம்."

அந்த ஊரில் 'மோசமில்லை' என்றால் பிரமாதம். 'வித்தியாசம்' என்றால் குப்பை.

"என்ன வித்தியாசம்? தவளையும் பாட்டும் ஒரே கூரைக்கு அடியில கிடைக்குது!"

"எதுக்கு ரெண்டு மேஜர்? ஒண்ணு போதாதா?"

"ஒரு மேஜரை இருபத்திநாலு வருஷமா சமாளிச்சவன் நான். வீட்டுக்கு இன்னொண்ணு வந்தா என்ன இப்போ?"

"என்ன சொன்னே?"

"ஹாட்டிஷ் மோசமில்லைன்னு சொன்னேன்."

"வேண்டாம் லோவல். சின்ன இடம் சரிப்படாது."

லோவல் அசரவில்லை. ஊர் மரியாதை அவருக்குத் தெரியாதா என்ன? அங்கே காபியை நீட்டினாலும் சரி, கேக்கை நீட்டினாலும் சரி, இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறைதான் வாங்குவார்கள். முதல் முறையே கையை நீட்டினால் வளர்ப்புச் சரியில்லை என்று பேச்சு வந்துவிடும். ஜோடி சொன்னது முதல் 'வேண்டாம்'. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதோடு லோவல் படகு விற்கிறவர். தண்ணீரைப் பார்த்தாலே மயக்கம் போடுகிற மனுஷனுக்குப் படகு விற்றுவிட்டு, கூடவே இரண்டு துடுப்பும் தள்ளிவிட்ட ஆள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். இடம் எப்படி இருந்தாலும் வாயைப் பிளப்பதாக நடித்துவிட வேண்டும் என்று லோவல் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வகுப்பு என்றால் ஒரு மேஜை. சுற்றி ஒன்பது பேர். தவளைப் பாடம் நடத்துகிற பேராசிரியர் டெல்காடோ, டெக்ஸஸ்காரர். மாரிட் உள்ளே நுழைந்ததுமே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாரிட், நீ அனுப்பின பதிவை நாலு தடவை கேட்டேன். ரெண்டாவது தவளை நடுவுல நிறுத்திடுதே, ஏன்? பயந்துடுச்சா?"

லோவல் பதறிப்போனார். வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' அல்லது 'தெரியல'. அதற்கு மேல் பேசாத பெண். இங்கே என்ன சொல்லப் போகிறாளோ?

"பயம் இல்ல சார். பக்கத்துத் தவளை பாடறதுக்கு இடம் விடுது. எங்க கோரஸ்ல நாங்களும் அப்படித்தான் விடுவோம்."

"எனக்கு அப்படித் தோணலையே."

"நீங்க சொல்றது தப்பு சார்."

லோவல் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு!

டெல்காடோவுக்கோ முகமெல்லாம் பல். "தப்பா? அப்படின்னா பாடிக் காட்டு!"

மாரிட் எழுந்தாள். கரும்பலகையில் இரண்டு கோடு போட்டாள். முதல் தவளையைப் பாடினாள், இரண்டாவதையும் பாடினாள். ஒன்பது பேரில் பாதிப்பேர் கல்லூரிக் கோரஸில் பாடுகிறவர்கள் போலிருக்கிறது, ஆளுக்கொரு தவளையாகச் சேர்ந்துகொண்டார்கள். கட்டைக் குரல் தவளையைப் பேராசிரியரே எடுத்துக்கொண்டார். அந்தச் சின்ன அறை மழைக்கால ஏரிக்கரை மாதிரி முழங்கியது. பாட்டின் நடுவே இரண்டாவது தவளை, மாரிட் சொன்ன இடத்தில், மரியாதையாக வழிவிட்டது.

"நான்தான் தப்பு" என்றார் டெல்காடோ, லாட்டரி விழுந்தவர் மாதிரி.

லோவலுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு வருஷமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்ற பெண்ணா இது? இத்தனை வார்த்தையை எங்கே வைத்திருந்தாள்? அடேயப்பா, இப்படியும் ஓர் இடமா!

வகுப்பு முடிந்ததும் ஜோடியும் மாரிட்டும் வழிகாட்டிப் பெண்ணோடு மற்றக் கட்டடங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். லோவல் நகரவில்லை. டெல்காடோவிடம் தவளை பற்றிக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"காபி சாப்பிடறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க."

"சரி" என்று டெல்காடோ பிளாஸ்க்கை மூடி உள்ளே வைத்துவிட்டார். டெக்ஸஸ்காரர்! லோவலுக்குக் காபி மணம் மட்டும் மிஞ்சியது.

திரும்பும்போது காரில் லோவல் திட்டத்தையே மறந்துபோனார். இப்போது பேசியதெல்லாம் சத்தியமான பேச்சு.

"ஜோடி, பார்த்தியா? வாத்தியாரைப் பார்த்துத் தப்புங்கறா, அந்த ஆளு சந்தோஷப்படறாரு! இவளுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு அந்த இடம்!"

"பார்த்தேன். ஆனாலும் வேண்டாம் லோவல்."

பின்சீட்டில் மாரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாளே என்று லோவலுக்கு மனசு உருகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூன்றாவது முறை ஆரம்பித்தார். "ஜோடி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அவ அங்கேதான் படிக்கணும்."

ஜோடி பெருமூச்சு விட்டாள். "நீ இவ்வளவு தூரம் சொல்றே. சரி, உன் இஷ்டம்."

ஜெயித்தாயிற்று! கம்ப்யூட்டரில் 'சம்மதம்' என்ற பட்டனை லோவலே தன் விரலால் அழுத்தினார். சாப்பாட்டு மேஜையில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"செப்டம்பர்லேருந்து காலையில நான் கொண்டுவிடறேன். சாயங்காலம் நானே கூட்டிட்டு வந்துடறேன். ஆறு மணிக்கு டாண்ணு சாப்பாடு!"

இரண்டு முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

"அப்பா, லிண்டல்ல எல்லாரும் ஹாஸ்டல்லதான் இருக்கணும்."

"முதல் வருஷமா?"

"நாலு வருஷமும்."

"பக்கத்து ஊர்க்காரங்களுமா?"

"காலேஜுக்கு எதிர் வீட்டுக்காரங்களும்தான். வழிகாட்டிப் பொண்ணு சொன்னாளே. நீங்க அப்போ தவளை சாரோட நின்னுட்டிருந்தீங்க."

லோவல் கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒன்று நடந்தது.

"நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னுதான் நான் இவ்வளவும் பண்ணேன். அந்த நாற்காலி காலியா இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது மாரிட்."

ஜோடியே கொஞ்சம் ஆடிப்போனாள். மாரிட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்னும் நாள் இருக்குப்பா. மாத்திக்கலாம். இதே ஊர்ல எல்லாரையும் சேத்துக்கற கம்யூனிட்டி காலேஜ் இருக்கே, வீட்டிலேருந்தே அதுக்கு வேணா போறேன். நிஜமாத்தான் சொல்றேன். உங்க விரல்தான் அழுத்துச்சு, நீங்களே சொல்லுங்க."

இவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் பெண் வீட்டோடு இருப்பாள், 'ம்', 'தெரியல' என்று சொல்லிக்கொண்டு. கையில் சாக்பீஸோடு நின்று வாத்தியாரைத் தப்பு என்று சொன்ன பெண்தான் லோவலின் கண்ணுக்குள் நின்றாள்.

"நீ போய் அந்த ஆளை இன்னும் நாலு வருஷம் தப்புன்னு சொல்லு" என்றார். "அந்த இடம்... மோசமில்லை."

மாரிட் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் அதுவும் வழக்கமில்லை.

அவள் மாடிக்குப் போனதும் லோவல் பாத்திரம் தேய்த்தார், ஜோடி துடைத்தாள். மெல்ல ஒரு சந்தேகம் தலை தூக்கியது.

"ஏன் ஜோடி, ஹாஸ்டல் விஷயம் உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?"

"போன வருஷமே தெரியும். நானும் மாரிட்டும் உன்கிட்ட சொல்லாம போய்ப் பார்த்துட்டு வந்தோம். அங்கேதான்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை வேண்டாம்னே?"

"ஹாஸ்டல்னு நேரா சொல்லியிருந்தா நீ படுத்த படுக்கையாயிருப்பே. விக்கிற ஆள்கிட்ட எதையும் விக்க முடியாது லோவல். அவனையே விக்க விடணும்."

"கார்ல பிள்ளை அழுதாளே?"

"சிரிச்சா."

லோவலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலைத்துப்போய் மனைவியையே பார்த்தார். என்ன மூளை! இந்த மூளை தன் கடையில் உட்கார்ந்திருந்தால் ஏரியில் தண்ணீர் தெரியாது, படகுதான் தெரியும். இருந்தாலும் ஆண்பிள்ளை. மிச்சம் இருந்த ஒரே ஒரு பெருமையை எடுத்துத் தூசி தட்டினார்.

"போகட்டும் போ. ஒரு தடவையாவது உன்னை நான் மடக்கியிருக்கேன். கல்யாணத்துக்குக் கேட்டப்ப நீ ரெண்டு தடவை வேண்டாம்னே. மூணாவது தடவை என் பேச்சுல விழுந்தியா இல்லையா?"

ஜோடி கடைசித் தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"அன்னிக்கு நீ வாங்கிட்டு வந்த மோதிரம் எப்படி என் விரலுக்கு அவ்வளவு கச்சிதமா பொருந்துச்சுன்னு நீ ஒரு தடவைகூட யோசிச்சதில்லையா? ஊர்ல இருந்தது ஒரே நகைக்கடை லோவல். நீ முதல் தடவை கேக்கறதுக்கு ஒரு மாசம் முந்தியே நான் போய் அளவு குடுத்துட்டு வந்துட்டேன்."