மூணாவது சன்னல்

"எறியாதீக!" என்று சம்சாத் சொல்லி வாய் மூடுவதற்குள் மஞ்சப்பை பஸ்ஸின் சன்னலுக்குள் போயே போய்விட்டது.

உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். சன்னல் தலைக்கு மேல் உயரத்தில் இருந்ததால் பை எங்கே விழுந்தது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஆனாலும் அது சீட்டில் விழுந்த சத்தம்தான் என்பதில் முகம்மது நூகுவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"பாத்தியா சம்சாத்? அதே விருதுநகர் பஸ் ஸ்டாண்டு, அதே சிவகாசி பஸ்ஸு, அதே மூணாவது சன்னல். முப்பத்தஞ்சு வருசம் ஆகியும் குறி தப்பலை பாரு!"

"குறி கிடக்கட்டும். அந்தப் பையில..."

"எடம் போட்டாச்சு, இனி என்ன அவசரம்? கூட்டம் ஏறட்டும். வா, நம்ம கடையில ஒரு டீ குடிப்போம்."

நம்ம கடை என்று அவர் காட்டிய இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்றார்கள். டீக்கடை நாலு கடை தள்ளிப் போயிருந்தது. சென்னை மண்ணடியில் பேப்பர் வியாபாரம் செய்து தலை நரைத்துப்போன மனுசர், ஊர் எல்லையைத் தொட்டதும் காலேஜ் பையனாகிவிட்டார். சிவகாசியில் மகள் ஹாதியாவுக்கு நிச்சயம். மகளையும் சொந்தக்காரர்களையும் சம்சாத்தின் தம்பி நிஜாம் காரில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். "நானும் உங்கக்காவும் பஸ்ல வாறோம்" என்று நூகு ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். காரணம், அவர் கதை.

கதை இதுதான். எண்பத்தொன்பதில் அவர் சிவகாசிக்குப் போய்க் காலேஜில் படித்தார். சம்சாத் அதே எட்டரை மணி பஸ்ஸில் டைப்ரைட்டிங் படிக்கப் போவாள். இடது பக்கம் பெண்கள் சீட்டில், மூன்றாவது வரிசையில் அவள் இருப்பாள். நூகு வலது பக்கம் வெளியே நின்று, பச்சைக் கோடு போட்ட துண்டை மூன்றாவது சன்னல் வழியாக எறிவார். அது அவளுக்கு நேர் எதிரே உள்ள சீட்டில் போய் விழும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருசம். எம்புட்டுக் கூட்டம் என்றாலும் அந்தச் சீட்டு அவருக்குக் காலியாகக் கிடக்கும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு அவர் அம்மாவிடம் சொல்ல, அம்மா போய்ப் பெண் கேட்க, நிக்காஹ் முடிந்தது.

"நான் மட்டும் ஒரு நாள் குறி தப்பியிருந்தா இவ எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டா" என்று மண்ணடியில் அவர் சொல்லாத ஆள் கிடையாது. அவர் சொல்லும்போதெல்லாம் சம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். அது பெருமைச் சிரிப்பு என்று நூகு முடிவுகட்டி வெகுகாலம் ஆகிறது.

இப்போதும் டீ மாஸ்டரிடம் பாதிக் கதை வரை வந்துவிட்டார். நடுவில் சம்சாத் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் "இரு, முக்கியமான கட்டம்" என்று அடக்கிவிட்டார்.

விசில் சத்தம் கேட்டது. சிவகாசி பஸ் நகர்ந்தது.

"அட, நம்ம பஸ்ஸு! அந்தக் காலத்துல கண்டக்டர் டீ குடிச்சு முடிக்காம வண்டியை எடுக்க மாட்டாரே!"

கையில் டீக்கிளாஸோடு இருபதடி ஓடிப் பார்த்தார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. டீ சட்டையில் கொட்டியதுதான் மிச்சம்.

"சரி விடு, பேரீச்சம்பழம்தானே. போனாப் போகுது."

"மாப்பிள்ளைக்குப் போடுற மோதிரம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் சம்சாத், ரொம்ப அமைதியாக.

நூகு காலி கிளாஸோடு அவள் பக்கம் திரும்பினார். "மோதிரத்தை எவளாவது மஞ்சப்பையில வைப்பாளா?"

"தோல் பைன்னா திருடன் கண்ணு போகும். மஞ்சப்பையை எவன் பார்ப்பான்னு வச்சேன். என் புருசனே தூக்கி எறிவாருன்னு எனக்கு என்ன சோசியமா தெரியும்?"

"யா அல்லாஹ்! ஏறு, ஏறு, ஏதாவது ஒரு பஸ்ல ஏறு!"

ஏதாவது ஒரு பஸ் என்று அவர் சொன்னது பலித்துவிட்டது. எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறி, மூச்சு வாங்க, "சிவகாசி ரெண்டு" என்றார்.

இளவட்டக் கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது டவுன் பஸ்ஸு பாய். ஆமத்தூர் வரைக்கும்தான். முன்னாடி ரோஸ் கலர் அடிச்சிருக்கே, பாக்கலையா?"

"சரி, ஆமத்தூர் ரெண்டு."

"உங்களுக்கு ஒண்ணு தாரேன். அம்மாவுக்குக் காசு கிடையாது. லேடீஸ் ஃப்ரீ."

நூகுவுக்குச் சுருக்கென்றது. மோதிரம் போன கவலையை மீறி இன்னொரு பழைய ஏக்கம் மேலே வந்தது. அந்த ஒன்றரை வருசமும் அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் தினமும் நினைத்தார். ஒரு நாளும் தைரியம் வரவில்லை.

"தம்பி, இவ என் பொண்டாட்டி. இந்த ரூட்ல இவளுக்கு ஒரு டிக்கெட் எடுக்கணும்னு எனக்கு முப்பத்தஞ்சு வருச ஆசை. காசை வாங்கிக்கங்க."

"லேடீஸ்கிட்ட காசு வாங்கினா என் வேலை போயிரும். உங்க ஆசைக்கு நான் வீட்டுல உக்காரவா?" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மனம் இளகி, "ஆமத்தூர்ல எறங்கி, பின்னால வார எக்ஸ்பிரஸ்ல ஏறுங்க. அதுல பொண்டாட்டிக்கும் டிக்கெட் உண்டு. எடுத்து அனுபவிங்க" என்றார்.

டவுன் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஊர் நலம் விசாரித்துக்கொண்டு போனது. நிஜாம் போன் அடித்தான். "அக்கா, எங்கன இருக்கீக? துவா ஓதுற பள்ளிவாசல் ஹஸரத் வந்துட்டாக. பன்னெண்டு மணிக்கு அவுகளுக்கு வேற எடத்துல நிக்காஹ் இருக்காம். பதினொன்னரைக்குள்ள மோதிரம் போட்டு துவா ஓதணும்."

"வந்துட்டே இருக்கோம்" என்றாள் சம்சாத். பொய் இல்லைதான்.

ஆமத்தூரில் எக்ஸ்பிரஸ் கிடைத்தது. இரண்டு டிக்கெட் எடுத்தார் நூகு. மிஷின் கிர்ரென்று துப்பிய காகிதம்தான். அந்தக் காலத்துக் கலர் டிக்கெட் இல்லை. ஒன்றை சம்சாத்தின் கையில் கொடுத்தார். அவள் அதைச் சின்னதாக மடித்து, கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொண்டாள். அந்தக் காலத்தில் அவர் அப்படித்தான் செருகுவார்.

"அது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் நூகு.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் சம்சாத்.

கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட் போட்டால் வரிசையில் நிற்பது நம் ஊரில் ஏது? எக்ஸ்பிரஸ் டிரைவர் வலது பக்கமாக ஏறிப் போய், முன்னால் நின்ற பேப்பர் லோடு லாரியையும் தாண்டி, ஒரு பஸ்ஸை உரசிக்கொண்டு நிறுத்தினார்.

நூகு எதேச்சையாகத் திரும்பினார். பக்கத்துப் பஸ்ஸின் மூன்றாவது சன்னல் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. உள்ளே நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். பட்டாசு கம்பெனிக்குப் போகிற பெண்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், எல்லாரும் கசங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த நெரிசலின் நடுவில் ஒரே ஒரு சீட்டு காலி. அதன்மேல் மஞ்சப்பை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி காவல் நின்றார்.

"சம்சாத்! சீட்டு மேலயே இருக்கு! நான் என்ன சொன்னேன்!" நூகு சன்னல் வழியாகக் கையை நீட்டினார். பையின் காது விரலில் பட்டது.

பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"கையை எடும்! ஆள் வருது" என்றார் பெரியவர்.

"அந்த ஆளே நான்தான் ஐயா!"

"நீரா? நீர்தான் அந்த பஸ்ல சீட்டுல சவுரியமா உக்காந்திருக்கீரே. ஒரு ஆளு ரெண்டு பஸ்லயா எடம் போடுவாக?"

"பஸ்ஸை விட்டுட்டேன் ஐயா. பையை மட்டும் எடுத்துக் குடுங்க."

"எடம் போட்ட பையை எடுத்துக் குடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. போட்டவர் வருவாரு, உக்காருவாரு. விருதுநகர்லருந்து இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு வாரேன்."

"ஆமா, எங்களையும் உக்கார விடலை" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

நூகு எழுந்தார். "நீ இரு சம்சாத், நான் அந்த பஸ்ல ஏறி வாறேன்" என்று சொல்லிக் கீழே குதித்தார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே ஒருக்களித்துப் போய், அந்தப் பக்கப் படியில் கால் வைக்கவும் கேட் திறக்கவும் சரியாக இருந்தது. எக்ஸ்பிரஸ் சம்சாத்தை ஏற்றிக்கொண்டு சீறிப் போய்விட்டது. மோதிரத்தைப் பிடிக்கப் போய்ப் பொண்டாட்டியைத் தவறவிட்டாயிற்று.

கூட்டத்தைப் பிளந்து மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் மறித்தார். எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை நீட்டினார் நூகு.

"அது இங்கன செல்லாது பாய்." அன்றைக்குத் தனக்கென்று மூன்றாவது டிக்கெட்டையும் எடுத்தார்.

"பையில என்ன இருக்கு?" என்றார் பெரியவர், போலீஸ் விசாரணை மாதிரி.

"பேரீச்சம்பழம்" என்றார் நூகு. பிறகு காதோடு, "அடியில சிவப்பு டப்பா. மோதிரம்."

பெரியவர் பையைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது. "நல்ல காரியத்துக்குப் போறீக. உக்காருங்க பாய்."

"நீங்க உக்காருங்க ஐயா. இவ்வளவு நேரம் நின்னுருக்கீக."

"எடம் போட்டது நீங்க. நீங்கதான் உக்காரணும்."

நூகு உட்கார்ந்தார். பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. பையை மடியில் இறுக்கிக்கொண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ஊர் பார்த்தாகிவிட்டது, எத்தனை ரயில், எத்தனை டிக்கெட்! வராத ஒருத்தனுக்காக ஒரு பஸ்ஸே நின்றுகொண்டு வந்தது இங்கேதான் நடக்கும்.

"எண்பத்தொன்பதுலயும் இதே மாதிரிதான் ஐயா. காலையில எட்டரை வண்டி. நான் வாறவரைக்கும் எனக்கு சீட்டு கிடக்கும்."

"எட்டரை வண்டியா? அதுல நான்தானே கண்டக்டர்! அய்யாதுரைன்னு பேரு. ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு வருசமாச்சு."

நூகு சீட்டிலிருந்து துள்ளினார். "அப்ப என்னைத் தெரியணுமே! மூணாவது சன்னல்! துண்டு எறிவேனே!"

அய்யாதுரை அவரை உற்றுப் பார்த்தார். மீசைக்குள் எதுவோ நெளிந்தது.

"பச்சைக் கோடு போட்ட துண்டா?"

"அதேதான்! ஐயா, நீங்க எனக்கு ஆண்டவன் அனுப்புன சாட்சி. எம் பொண்டாட்டி அன்னைக்கு எதுத்த சீட்டுலதான் இருப்பா. நான் கதை சொல்லும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரிக்கிறா. சிவகாசி பஸ் ஸ்டாண்டுல நிப்பா. நீங்களே அவகிட்ட உங்க வாயால சொல்லிருங்க."

"நேர்லயே சொல்லணுமா?"

"நேர்லயே!"

அய்யாதுரை ஒரு தடவை இருமிவிட்டு வெளியே பார்த்தார். "சரி, சொல்லிருவோம்."

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிஜாமின் காருக்குப் பக்கத்தில் சம்சாத் நின்றுகொண்டிருந்தாள். மணி பதினொன்று ஐந்து. மஞ்சப்பையைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. டப்பாவைத் திறந்து மோதிரத்தைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"மச்சான், ஏறுங்க, ஹஸரத் காத்திருக்காக" என்று நிஜாம் ஹாரனை அடித்தான்.

"ஒரே நிமிசம்டா!" நூகு அய்யாதுரையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "சம்சாத், இவுக யாரு தெரியுதா? நம்ம எட்டரை வண்டிக் கண்டக்டர்! சொல்லுங்க ஐயா. அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, என் குறி எப்படி?"

சம்சாத் பெரியவரைப் பார்த்தாள். பார்த்த உடனே முக்காட்டை வாய் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய முகம் சிவந்துபோனது.

அய்யாதுரை நூகுவைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏம்மா, இன்னைக்கு நீ பஸ்ல இல்லையா, தரையில கிடந்ததை எடுத்துத் தூசி தட்டி, எதுத்த சீட்டுல வச்சு, 'ஆள் வருது'ன்னு ஊரெல்லாம் சொல்ற உன் பழைய வேலையை நான் பாக்க வேண்டியதாப் போச்சு."