ஏழாம் நம்பர் சாவி

பலகையில் இருபது பூட்டு, பத்தொன்பது சாவி. ஏழாவது பூட்டு மட்டும் மொட்டையாக நின்றது.

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் மறுபடி எண்ணிப் பார்த்தாள். லேசர் கூடத்துக்குள் போகிறவர் ஆளுக்கொரு சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இருபதும் பூட்டில் திரும்பினால்தான் லேசர் சுடும். அது விதி. உள்ளே நூறு கதிர்கள் குறிவைத்த இடத்தில், மிளகளவு அணு எரிபொருள் உறைந்துபோய்க் காத்திருந்தது. நாலு மணிக்கு மேல் தாங்காது. கட்டவே பன்னிரண்டு வருடம் பிடித்த கூடம் அது. இதுவரை கொட்டிய சக்தியில் பாதிகூடத் திரும்பி வந்ததில்லை. இன்றைக்குக் கொடுத்ததைவிட அதிகமாக வாங்கியே தீருவது என்று அவள் கங்கணம் கட்டியிருந்தாள்.

"நாலு பேர் உள்ள போய்த் தேடுங்க!"

விதி விதிதானே. நாலு பேரும் ஆளுக்கொரு சாவியோடு போனார்கள். மூன்று மாடி உயரக் கூடத்தில், குனிந்த தலை நிமிராமல் தரையைத் துழாவிவிட்டு வந்தார்கள். மூன்று சாவிதான் திரும்பியது.

"இன்னொண்ணு எங்கப்பா?"

"எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கு மேடம். அவர் அப்படியே டீ குடிக்கப் போயிட்டார்."

அவரைப் பிடித்து வர இருபது நிமிடம் போயிற்று. அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"நான் நேத்து போட்ட கோட்டுல சாவி இருக்கா பாருங்க."

"பீரோ சாவியா? அது போன வருஷமே தொலைஞ்சதாச்சே!"

போனை வைத்தாள். மணி மூன்று பத்து.

"போனது போகட்டும். பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க. வேற சாவி போட்டுடலாம்!"

பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூட இயக்குநர் தலையாட்டினார். அவருக்கு அதைத் தவிர வேறெதுவும் ஆடும் நிலையில் இல்லை.

தெருமுனைப் பூட்டுக்காரர் அரத்தோடு வந்தார்.

"இத்தனை பூட்டு எதுக்கும்மா?"

விதியை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அவர் அச்சுப் பார்த்தார், ராவினார், ஊதினார், மறுபடி ராவினார். மூன்று ஐம்பதுக்குப் புதுச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. இருபது விளக்கும் பச்சை. அறையே கைதட்டியது. இயக்குநர் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

"எண்ணுங்க!" என்று பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

பத்து, ஒன்பது, எட்டு...

அரத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த பூட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சாவி வந்துடுச்சு, சரிம்மா. பழைய சாவிய எடுத்துக்கிட்டு உள்ள போன ஆளு வந்துட்டாரா?"