பதினைந்து மணி நேரமும் பக்கத்து சீட்டும்

எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை என் மனைவி எடுப்பாள். சின்ன முடிவுகளையும் அவளே எடுப்பாள். குப்பை வாளியை நான் எடுப்பேன்.

இந்த நிலைமையை மாற்றியே தீருவது என்று ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது தீர்மானித்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குளியலறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்களைக் கூப்பிட்டிருந்தாள். வேலைக்காக ஓயாமல் பறக்கிறவள், விமானக் கம்பெனியில் நிறைய பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தாள். அதை வைத்தே எங்களுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று போனில் விளக்கினாள்.

"ரெண்டு வகுப்பு இருக்குப்பா. பிசினஸ்னா சீட்டை நீட்டினா படுக்கை ஆயிடும். ஆளுக்கு ஒரு சின்ன அறை மாதிரி, சுத்தித் தடுப்பு. பிரீமியம் எகானமின்னா அகலமான சீட்டு, சாஞ்சுக்கலாம், படுக்க முடியாது. ஜன்னல் ஓரமா ரெண்டு ரெண்டு சீட்டா இருக்கும். முதல் வகுப்புன்னு ஒண்ணு இருக்கு, அதைக் கேக்காதீங்க, என்கிட்ட பாயிண்ட் பத்தாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க."

பதினைந்து மணி நேரப் பயணம். மூளை இருக்கிற யாரும் படுக்கையைத்தான் கேட்பார்கள். எனக்கும் மூளை இருக்கிறது. ஆனால் 'ரெண்டு ரெண்டு சீட்டா' என்று மகள் சொன்னது என் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். கடையைக் கைமாற்றிவிட்டு மூன்று மாதம் ஆகிறது. மனைவி கணக்கு டீச்சர், அவள் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், பயமும் மரியாதையும் கலந்து. முப்பத்து மூன்று வருடமாக அவள் எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பினாள், நான் ராத்திரி ஒன்பதுக்குக் கடையை மூடினேன். அவளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கூட்டம் அதிகம். எப்போதாவது பஸ்ஸிலோ சினிமாவிலோ சேர்ந்து உட்கார்ந்தால், நடுவில் மகள் உட்கார்ந்தாள். மகள் வளர்ந்து எழுந்து போன பிறகு, அந்த இடத்தில் கைப்பை உட்கார்ந்தது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெடுந்தூரம் போனது ஒரே ஒரு தடவை. கல்யாணமாகிப் பத்தாவது நாள். அவளுக்கு முதல் வேலை தூரத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கிடைத்திருந்தது. கொண்டுபோய் விட நான் போனேன். பகல் ரயில், மரப்பலகை இருக்கை, காலடியில் அவளுடைய தகரப்பெட்டி. பெட்டிக்கு இடம் விட்டு இரண்டு பேரும் கால்களை மடக்கி வைத்திருந்தோம். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். புதுப்புடவையின் கஞ்சி வாசனை. ஜன்னலில் வயல், பாலம், மறுபடி வயல். பரிசோதகர் டிக்கெட் கேட்டபோதுகூட இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். வலது கை என் வசத்தில் இல்லை. முதலில் மரத்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. ஏழு மணி நேரம். அதன் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன. ஆனால் 'சந்தோஷம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வலது தோள்தான் கனக்கிறது.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அறுபத்து மூன்று வயதில் ஒரு கணக்கு டீச்சரிடம் போய், 'உன் பக்கத்தில் உட்கார ஆசையாக இருக்கிறது' என்றால், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஆகவே சூழ்ச்சி செய்வதென்று முடிவு செய்தேன்.

எங்கள் கீழ்வீட்டுக்காரரைத் தெருவில் கேப்டன் என்பார்கள். விமானத்தில் இருந்தவர்தான். ஓட்டியது விமானத்தை அல்ல, சாப்பாட்டுத் தள்ளுவண்டியை. இருபத்தெட்டு வருடம் பரிமாறிவிட்டு ஓய்வு பெற்றவர். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த உறவில் நான் அவருக்கு மாப்பிள்ளை. அவரிடம் போனேன்.

"அத்தான், பிசினஸ் வகுப்பைப் பத்தி டீச்சர்கிட்ட நாலு குறை சொல்லணும்."

"குறையா? அதுல என்ன மாப்ளே குறை? நான் வேலை பார்த்த காலத்துல அந்தப் பக்கம் போனாலே தூக்கம் வரும்."

"யோசிச்சுப் பாருங்க. தடுப்பு இருக்கே. பக்கத்துல இருக்கறவங்க முகம் தெரியாதில்ல?"

"தெரியாது."

"பேசினா கேக்காதில்ல?"

"கத்தினாத்தான் கேக்கும்."

"அதைச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

சாயங்காலம் கேப்டன் வந்தார். மனைவி காபி கொடுத்தாள். அவரும் சொன்ன பேச்சு மாறாமல் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, பிசினஸ்ல போகப் போறீங்களாமே. யோசிச்சுப் போங்க. உள்ள போய் உக்காந்துட்டா தனித்தீவு. மாப்பிள்ளை முகமே தெரியாது."

மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "முகமே தெரியாதா?"

"தெரியாது. அவர் ஏதாவது பேசினாலும் உங்களுக்குக் கேக்காது."

"எவ்வளவு நேரம் அப்படி?"

"பதினஞ்சு மணி நேரமும்."

"என் கண்ணாடி எங்க, என் மாத்திரை எங்கன்னு இவர் கேட்டா?"

"தடுப்பைத் தாண்டி எதுவும் வராது தங்கச்சி."

மனைவி உள்ளே போய் அவருக்கு இன்னொரு காபி கொண்டுவந்தாள். கீழ்வீட்டுக்குக் குடிவந்த இந்த மூன்று வருடத்தில் கேப்டனுக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காபி கிடைத்தது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பார்வைக்கு நம்பர் எழுதிக் கொடுத்தவன் நான். என் மனைவியின் பார்வைக்கு மட்டும் இன்றுவரை நம்பர் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைக்காக வாங்கிய குட்டித் துண்டுகள் ஒரு பக்கம் அடுக்காக இருந்தன.

"சாயங்காலம் பொண்ணுக்குப் போன் பண்ணணும். பிசினஸ்னே சொல்லிடலாம்ல?" என்றாள்.

"எனக்கு பிரீமியம் எகானமிதான் பிடிச்சிருக்கு."

"படுக்கையை விட்டுட்டு எதுக்கு?"

"காத்தோட்டமா இருக்கும்."

"விமானத்துல ஜன்னலைத் திறந்து வைப்பாங்களா?"

"சாப்பாடு சூடா வரும்."

"எல்லா வகுப்புக்கும் ஒரே அடுப்புதான். கேப்டன் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். நிஜக் காரணத்தைச் சொல்லுங்க."

முப்பத்து மூன்று வருடம், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொன்ன காரணங்களைக் கேட்டுப் பழகிய குரல் அது. அதன் முன்னால் பெரிய பெரிய போக்கிரிகளே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லிவிட்டேன். ரயில், தகரப்பெட்டி, தோள், ஏழு மணி நேரம், மரத்துப் போன கை, எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் குட்டித் துண்டு ஒன்றை எடுத்து மடித்தேன். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு அது.

அவள் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி அடுக்கில் வைத்தாள்.

"நான் அன்னைக்குத் தூங்கினேன்னா நெனச்சுட்டு இருக்கீங்க?"

"பின்ன?"

"வண்டி கிளம்பினதுல இருந்து லென்ஸைப் பத்தியே பேசினீங்க. குழி லென்ஸ், குவி லென்ஸ், எதை எப்படித் தேய்க்கணும்னு. புதுசாக் கல்யாணம் ஆனவ, நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா? கண்ணை மூடினா நிறுத்துவீங்கன்னு மூடினேன்."

என் முப்பத்தாறு வருடச் சந்தோஷம் கட்டிலோரமாகச் சரிந்து விழுந்தது.

"ஏழு மணி நேரமுமா?" என்றேன்.

"அரை மணி நேரத்துல நிறுத்திட்டீங்க. அப்புறம் கண்ணைத் திறந்திருக்கலாம்தான்." அவள் புடவை ஒன்றை உதறினாள். முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது. "தோள் நல்லா இருந்துச்சு. எழுந்திருக்க மனசு வரலை."

சரிந்தது எழுந்து உட்கார்ந்தது. நான் பேச வாயெடுத்தேன். அவள் புடவையை இறக்கினாள்.

"சரி, நீங்க ஆசைப்பட்ட வகுப்புலயே போடச் சொல்றேன்" என்றாள்.

கவனியுங்கள். இதுதான் அவள் சொன்னது, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கீழே ஓடிப்போய்க் கேப்டனிடம், "அத்தான், முதல் தடவையா ஒரு முடிவு எடுத்துட்டேன்" என்றேன். அவர் என் கையைக் குலுக்கினார். அதில் வாழ்த்தைவிட அனுதாபம் அதிகமாக இருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

கிளம்பும் நாள். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அவள் கைப்பையில் இருந்தன. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் கையில் எதையும் கொடுத்துப் பழக்கமில்லாதவள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். வலது தோள் பக்கம் தையல் உறுத்துகிறதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்கியது.

விமான வாசலில் பணிப்பெண் டிக்கெட்டுகளை வாங்கிப் பார்த்தாள். என் மனைவிக்கு இடது பக்கம் கை காட்டினாள். எனக்கு வலது பக்கம்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்கம்மா" என்றேன்.

"தெரியும் சார். மேடம் பிசினஸ். நீங்க பிரீமியம் எகானமி."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"நீங்க ஆசைப்பட்ட வகுப்புலயே போடச் சொல்றேன்னு சொன்னேன். போட்டாச்சு. எனக்கு எந்த வகுப்புன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டுமா?"

"முப்பத்து மூணு வருஷம் நின்னுகிட்டே வகுப்பு எடுத்தேன். ஒரே ஒரு வகுப்பு படுத்துகிட்டுப் போறேன். மாத்திரை உங்க இடது பாக்கெட்ல. கண்ணாடி உங்க மூக்குல."

போய்விட்டாள். பின்னால் வரிசை நின்றிருந்தது. நானும் போனேன்.

மகள் சொன்னபடி ஜன்னலோரம் இரண்டு சீட்டு. அகலம்தான். என் பக்கத்தில் ஆறடிக்கும் மேலே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டோம். சாப்பாடு வந்தது. சூடாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்த ஐந்தாவது நிமிஷம் அந்த மனிதர் தூங்கிப்போனார். பத்தாவது நிமிஷம் அவர் தலை என் வலது தோளில் வந்து சாய்ந்தது. அவருக்குத் தலை பெரியது. எழுப்பலாமா என்று பார்த்தேன். யாரோ பெற்ற பிள்ளை. மனசு வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் கை மரத்தது, எரிந்தது, காணாமல் போனது. எல்லாம் பழைய வரிசைப்படியே நடந்தது.

ஒருவழியாக அவர் விழித்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார். அப்போது திரையை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். காலில் விமானத்தில் கொடுத்த செருப்பு. தூங்கி எழுந்ததில் தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. காலி சீட்டில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு அங்க?" என்றேன். விறைப்பாகத்தான் கேட்டேன்.

"நல்லா இருக்கு. போர்த்தி விடறாங்க. தலையணை ரெண்டு." புடவையில் ஒட்டியிருந்த போர்வை நூலை எடுத்தாள். "தூங்கி எழுந்ததும் இந்தப் பக்கம் திரும்பி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். தடுப்புதான் இருந்துச்சு."

"என்ன சொன்னே?"

"மறந்துபோச்சு."

வெளியே மேகம் வெள்ளை வெளேரென்று தரை மாதிரி பரவியிருந்தது. மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்ததைப் பற்றிப் பேசினாள். அந்தச் சட்டையின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. பேசப் பேசக் குரல் இறங்கியது. தலை தோளில் சாய்ந்தது. கையில் உயிர் இல்லாததால் பாரம் தெரியவில்லை. கஞ்சி வாசனைக்குப் பதிலாக விமானத்துச் சோப்பு வாசனை. இந்தத் தடவையாவது நிஜத் தூக்கமா என்று காது கொடுத்துக் கேட்டேன். லேசாகக் குறட்டை வந்தது. குறட்டையை நடிக்க முடியுமா? அவள் நினைத்தால் முடியும். எதற்கும் இருக்கட்டும் என்று லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். ஆறடி மனிதர் திரும்பி வந்து பக்கத்தில் பணிவாக நின்றார். அவள் எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அவர் உட்கார்ந்தார். சிரித்தார். தூங்கினார்.

மீதிப் பயணம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. அவளே தேடிக்கொண்டு வந்தாளே. அப்படியென்றால் ஜெயித்தது நான்தான். ஜெயித்தவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும். திரும்பும்போது அவள் இஷ்டப்படியே நானும் பிசினஸில் வருவதென்று முடிவு செய்தேன். தடுப்பு இருந்தால் என்ன, எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கையும் பிழைக்கும்.

விமான நிலைய வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். வயிறு முந்திக்கொண்டு எங்களை வரவேற்றது. அம்மாவும் பெண்ணும் கட்டிப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மனைவி நல்ல தூக்கம் தூங்கியதில் பத்து வயது குறைந்திருந்தாள். என்னிடமிருந்து அந்தப் பத்து வயதை எடுத்துக்கொண்டது போல இருந்தது.

காரில் பெட்டியை ஏற்றும்போது மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"திரும்பிப் போறப்ப எனக்கும் பிசினஸே போட்டுடும்மா. அம்மாவுக்காக நான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கறேன்."

மகள் என் கையைப் பாசத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"அப்பா இப்படித் தியாகம் பண்ண வருவார், விடாதேன்னு அம்மா அன்னைக்கே சொல்லி, திரும்பறதுக்கும் உங்களுக்கு அதே சீட்டையே போட வச்சுட்டாங்கப்பா."