சம எடையுள்ள யானையும் கழுதையும்

டெல்மர் ஹௌகன் சமையலறைத் தராசின் முன் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் நீளமுள்ள ஒரு பித்தளை யானையை வைப்பார். முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எடுத்துவிட்டு, அதே அளவு பித்தளைக் கழுதையை வைப்பார். யானை ஒரு மயிரிழை கனம். அரத்தை எடுத்து யானையின் தந்தத்தில் இரண்டு இழுப்பு. இப்போது கழுதை கனம். கழுதையின் காதில் இரண்டு இழுப்பு. மறுபடியும் தராசு, மறுபடியும் அரம். மாலை முழுவதும் இதே வேலை. கடைசியில் தந்தமில்லாத யானையும் ஒற்றைக்காதுக் கழுதையும் ஒரே எடையில் நின்றன.

அமெரிக்காவில் யானை குடியரசுக் கட்சியின் சின்னம், கழுதை ஜனநாயகக் கட்சியின் சின்னம். அவை இரண்டும் இருக்கட்டும் வாசகரே; நாம் பார்க்க வந்தது அரத்தோடு நிற்கும் மூன்றாவது பிராணியை. அதன் பெயர் நடுநிலையாளர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் இந்த இனம் தேர்தல் காலத்தில் நன்றாகக் கண்ணில் படும். தெருவில் எல்லாப் புல்வெளியிலும் வேட்பாளர் பெயர்ப் பலகை முளைத்திருக்க, டெல்மர் வீட்டில் மட்டும் ‘நாய் ஜாக்கிரதை’ என்றிருக்கும். நாய் கிடையாது. சிவப்பு ஒரு கட்சிக்கும் நீலம் மற்றொன்றுக்கும் போய்விட்டதால் அவருடைய அலமாரி முழுக்கப் பழுப்புச் சட்டைகள். ஒரு கட்சியைக் கிண்டல் செய்யும் துணுக்குக்குத் தவறிப்போய்ச் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு அடங்குமுன் மற்றக் கட்சியைப் பற்றி ஒன்றைத் தானே சொல்லிக் கணக்கைச் சரிசெய்துவிடுவார். எந்தச் சண்டைக்கும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.” என்ன சண்டை என்று கேட்டுக்கொள்வாரா? எதற்கு?

அவர் மனைவி லொரெய்னுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் வெர்னன் யானை, தம்பி கிளேட்டன் கழுதை. காட்டில் யாரோ ஒளித்துவைத்த டப்பாவைச் செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பை வைத்துத் தேடிப்போகும் விளையாட்டில் இருவருக்கும் பித்து. போன தேர்தலில் பேச்சு முறிந்தபின் அதே காட்டில் அதே டப்பாக்களை அண்ணன் சனிக்கிழமையும் தம்பி ஞாயிற்றுக்கிழமையும் தேடினார்கள். குடும்பமே கூடி வான்கோழி உண்ணும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தும் இரண்டாகியது. வியாழன் அண்ணனுக்கு ஒரு வான்கோழி, வெள்ளி தம்பிக்கு ஒன்று. டெல்மர் இரண்டு நாளும் ஒரே அளவு சாப்பிட்டார்.

இந்த முறை லொரெய்ன் சொல்லிவிட்டார். “ஒரே வான்கோழிதான். ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரணும். இல்லன்னா அடுப்பே பத்தவெக்க மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க.”

“யார்கிட்ட மொதல்ல சொல்றது?” என்றார் டெல்மர்.

ஒருவரிடம் முதலில் சொன்னால் அவர் பக்கம் சாய்ந்ததாகிவிடாதா? அதனால்தான் இந்தப் பயணப் பொம்மை. யானையையும் கழுதையையும் ஒரே வளையத்தில் கோத்து, எண் பொறித்த தகடு மாட்டி, இரு மைத்துனர்கள் வீட்டுக்கும் நட்டநடுவே அளந்து கண்டுபிடித்த மரத்தடி டப்பாவில் வைத்தார். பயணப் பொம்மையை யாரும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது; எடுத்தவர் அடுத்த டப்பாவில் விட்டு, இணையதளத்தில் பதிய வேண்டும். அதுதான் இந்த ஆட்டத்தின் தர்மம். ஆக, அண்ணன் விட்டதைத் தம்பி எடுப்பான், தம்பி விட்டதை அண்ணன் எடுப்பான். பொம்மை போய்வரும் வழியில் பாசமும் போய்வரும் என்பது திட்டம்.

இணையதளத்தில் போய்வந்தது படங்கள்தான். சனிக்கிழமைப் படத்தில் யானை முன்னால் நிற்கும், கழுதை மண்ணில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கழுதை யானைமேல் சவாரி செய்யும். பிறகு வெர்னன் போன் செய்து, யானைக்கு மட்டும் தந்தத்தை ஏன் வெட்டினாய் என்று பிடித்துக்கொண்டார். மறுநாள் கிளேட்டன், கழுதைக்கு மட்டும் காதை ஏன் அறுத்தாய் என்றார். அடுத்த மிருகத்தின் ஊனம் எவர் கண்ணிலும் படவில்லை. நீ சொல்வது சரி என்று இருவரிடமும் டெல்மர் சொன்னார்.

அதன்பிறகு பொம்மை காணாமல் போனது. வெர்னன் விட்ட டப்பாவில் இல்லை என்று கிளேட்டன் பதிந்தார். கிளேட்டன்தான் அமுக்கிவிட்டார் என்று வெர்னன் பதிந்தார். தேங்க்ஸ்கிவிங்கோ நெருங்கிவிட்டது. டெல்மர் தூக்கமிழந்து, நன்றாக யோசித்து, ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதையே இரண்டு மைத்துனர்களுக்கும் போனில் வாசித்தார்: “நீ எடுத்தன்னு நான் சொல்லல.”

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மீன் வறுவல் சாப்பிட மனைவியுடன் மதுக்கடைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரே மேசையில் அண்ணனும் தம்பியும்.

“வா மாப்ள,” என்றார் வெர்னன். “உன் போனுக்கப்புறம் சண்ட போடத்தான் ஒருத்தரயொருத்தர் கூப்பிட்டோம்; இப்ப உன்னத்தான் உரிச்சிட்டிருக்கோம். எனக்குப் போன் பண்ணி என்ன சொன்ன?”

“நீ எடுத்தன்னு நான் சொல்லலன்னு.”

“எங்கிட்டயும் அதே,” என்றார் கிளேட்டன். “ஒரு எழுத்து மாறல. அப்ப யாரத்தான் சந்தேகப்பட்ட?”

டெல்மர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “ரெண்டு பேரையும் சமமா.”

மேசை குலுங்கியது. வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். “இவனுக்கு நீ எவ்வளவோ தேவலடா.”

தேர்தலுக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து தம்பிக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் டெல்மர் தட்டோடு நின்றுகொண்டே மீனைத் தின்றார்.

அந்த வருடம் ஒரே வான்கோழி. அண்ணனும் தம்பியும் அருகருகே அமர்ந்து, அரசியலில் தொண்டை வற்றக் கத்தினார்கள்; கத்திக்கொண்டே ஒருவர் தட்டில் ஒருவர் குழம்பு ஊற்றினார்கள். பொம்மைதான் குடும்பத்தை ஒட்டவைத்தது என்று டெல்மர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதுவரை சிரித்துக்கொண்டு வந்தவரே, நடுவில் எங்காவது, ‘பாவம், டெல்மர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்தச் சகோதரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டு அரத்தை எதற்கும் ஒளித்துவைக்கச் சொல்லுங்கள்.

பொம்மையை எடுத்தது யார் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. லொரெய்ன். அந்த ஆட்டத்தையே ஆடியிராதவர், கணவரின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் எடுத்து வந்திருக்கிறார். காணவில்லை என்றதும் கணவர் யாரிடம் என்ன சொல்வார் என்று அவருக்கு வார்த்தை பிசகாமல் தெரிந்திருந்தது. லொரெய்ன் எந்தக் கட்சி என்று மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை.