க்ளேர் சார் ஃபில்டர் வாங்கிய கதை

சூரியன்மேல் நிரந்தரக் கோபத்தில் இருந்த ஒரே மனிதர், தருமபுரியில் என்னோடு வேலை பார்த்த ஹெட் கிளார்க்தான். யார் எந்தப் போட்டோவைக் காட்டினாலும், வெளிச்சம் கூசுகிறதென்று கண்ணைச் சுருக்கி "க்ளேர் அடிக்குதுங்க" என்பார். கல்யாண ஆல்பத்துக்கும் அதே தீர்ப்புதான். அதனால் அவர் பெயரே க்ளேர் சார்.

பொங்கல் விடுமுறைக்கு அலுவலகமே குடும்பத்தோடு ஒகேனக்கல் போவதென்று முடிவானதும், சார் தன் கேமராவுக்கு போலரைசர் ஃபில்டர் வாங்கக் கிளம்பினார். லென்சின் முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி அது. வளையத்தைத் திருப்பினால் தண்ணீரின் பளபளப்பு அடங்கி அடித்தரை தெரியும். துணைக்கு நான்.

கடைக்காரர் ஒன்றை நீட்டினார். சார் அதைக் கடைக்காரரின் கால்குலேட்டர்மேல் பிடித்துத் திருப்பினார். எண்கள் மறைந்து திரையே கறுத்துவிட்டது.

"சார், என் கால்குலேட்டர என்ன பண்ணீங்க?"

"கறுத்தா நல்ல சரக்குங்க. ஆனா விளிம்பு தடிமனா இருக்குது, படத்துல மூலையெல்லாம் இருட்டா வுழும். மெல்லிசா குடுங்க."

மெல்லிசு வந்தது, வளையம் சுற்ற மறுத்தது. அடுத்தது லென்சுக்குச் சேரவில்லை. இன்னொன்றோடு வெயிலுக்கு ஓடி, தெருவில் நின்ற பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினார். மின்னிய வெளிச்சம் அணைந்தது. உள்ளே டிரைவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இட்லிங்க! தக்காளிச் சட்னி!" என்று சார் கூவினார். டிரைவர் டப்பாவை மூடிக்கொண்டார். அந்த ஃபில்டரையே வாங்கினோம்.

ஒகேனக்கல்லில், வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும் என்று எங்களைப் பாறை பாறையாக நகர்த்தினார். வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான், ஆற்றோரம் முகம் கழுவக் குனிந்த என் மனைவி செல்வி "ஐயோ" என்றாள். அவள் அம்மா போட்ட கம்மலில் ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. அம்மா இறந்து வருடம்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் துழாவ இறங்கினோம்.

"யாரும் கலக்காதீங்க!"

சார் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணில் வைத்து, பாறைமேல் குப்புறப் படுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் கண்ணுக்குத் தண்ணீர் முழுக்க வெள்ளை மினுமினுப்புதான்.

"தம்பி, அந்தப் பாசிக் கல்லுக்கு இந்தாண்ட. இன்னும் கொஞ்சம்... அதேதான், எடு!"

கம்மல் என் விரல்களுக்குள் வந்தது. சார் சந்தோஷத்தில் கை தட்டினார். ஃபில்டர் பாறையில் உருண்டு, ஓட்டத்தில் விழுந்து, போயே போய்விட்டது.

"ஐயோ சார், உங்க கண்ணாடி..." என்று செல்வி அழ ஆரம்பித்தாள்.

"போவட்டும் வுடும்மா. நீ அழுதா போட்டோவுல மூக்கு செவப்பா வரும். அதுக்கு இன்னும் ஃபில்டர் கண்டுபுடிக்கல."

திரும்பும் வழியில் சார் வேன் ஜன்னலில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். செல்வி சத்தமில்லாமல் தன் செல்போனில் அதைப் படம் எடுத்தாள். சார் போன் செய்தால் இன்றும் திரையில் வருவது அந்த முகம்தான். யார் கூப்பிட்டாலும் அடுப்படியிலிருந்து "யாருன்னு பாருங்க" என்பவள், க்ளேர் சார் என்று நான் சொன்னால் மட்டும் ஈரக் கையோடு ஓடிவருகிறாள்.