சம்பந்தியை பேக்கப் எடுத்தேன்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தப்பு. வாய் உள்ளவன் செய்கிற பிழை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், யாராவது தடுத்துவிடுவார்கள். கூச்சக்காரன் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், ஓசைப்படாமல், ஒரு வேலையை முழுசாகக் கெடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவான். நான் அந்த வகை.

பூந்தமல்லியில் ஷாமியானா, நாற்காலி, பாத்திரம், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் நடக்கிற பாதி விசேஷங்களில் நான் இருந்திருக்கிறேன். ஒரு போட்டோவிலும் இருக்க மாட்டேன். பந்தல் துணிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படிப்பு ஐந்தாவது. (ஆறாவதுக்குப் போனால் தினமும் ஒரு பையன் எல்லோருக்கும் முன்னால் வந்து செய்தி வாசிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அதோடு சரி.)

இப்படிப்பட்டவனுக்கு வாணி என்று ஒரு மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கிற பையனையே பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, நிச்சயதார்த்தமும் வைத்தாயிற்று. பையனின் அப்பா சண்முகவேல், திருநெல்வேலிப் பக்கம், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று நசரத்பேட்டையில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்தவர். மைக்கைக் கண்டால் விட மாட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றியதும் ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து, "பெண்ணின் தந்தை சில வார்த்தைகள்" என்று என் கையில் திணித்தார். நான் மூச்சு விட்டேன். அதுதான் என் உரை. மண்டபம் முழுக்க என் மூச்சு கேட்டது. (ஸ்பீக்கர் நம்முடையது. நல்ல ஸ்பீக்கர்.) சம்பந்தி என்மேல் இரக்கப்பட்டு மைக்கை வாங்கி, "ஆகவே" என்று ஆரம்பித்தார். காரணம் எதுவும் சொல்வதற்கு முன்பே "ஆகவே" போடுகிற பழக்கம் அவருக்கு. ஒவ்வொரு "ஆகவே"க்கும் குதிகாலைத் தூக்கி இறக்குவார், வயிறும் கூடவே ஏறி இறங்கும். பந்தி ஆறிப்போகிற வரைக்கும் பேசினார்.

கல்யாண ரிசப்ஷனிலாவது நான் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாணி காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அதில் தலைக்கு மேல் ஒரு கேமரா. அதைப் பார்த்துப் பேசி, பதிவு செய்து பழகலாம் என்று உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்தும் கூச்சம் வந்தது. அப்போதுதான் என் மனைவி தேவி ஒரு யோசனை சொன்னாள்.

"உன்னால உன்ன மாதிரி பேச முடியாதுய்யா. வேற யார்னா மாதிரி பேசு."

ஒரு துண்டை மடித்து வயிற்றில் செருகினேன். குதிகாலைத் தூக்கினேன். "ஆகவே, அன்பார்ந்த பெரியோர்களே" என்றேன். அடுத்து வந்தது பாருங்கள், மடை திறந்த மாதிரி! "நான் அரசாங்கத்தில் பணிபுரிந்த காலத்திலே..." நான் எங்கே பணிபுரிந்தேன்? இருந்தாலும் வந்தது. தேவி கேமராவுக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்து, "அய்யோ, சம்பந்தி மாதிரியே கீதே! தொப்பைய இன்னும் கொஞ்சம் எறக்கு!" என்றாள். அதுவும் பதிவானது.

இந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் ஒரு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது, டேபிள் ஃபேனில் பேப்பர் சிக்கினதுபோல. வாணி காதை வைத்துக் கேட்டுவிட்டு முகம் வெளுத்தாள்.

"அப்பா, இது எப்ப வேணா போயிடும். நிச்சயதார்த்த போட்டோ மொத்தமும் இதுலதான் இருக்கு. ஸ்டுடியோல கேட்டேன், அவங்க அழிச்சிட்டாங்களாம். எனக்கு ஆபீஸ்ல நேரமே இல்ல. நீ பேக்கப் எடுத்து வெச்சிடுப்பா."

"அப்டின்னா இன்னாம்மா?"

"இன்னொரு எடத்துல ஒரு காப்பி. பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், கிளவுட், எது வேணா. நீயே பாத்து முடிவு பண்ணு. போச்சுன்னா திரும்ப வராதுப்பா, பாத்துக்கோ."

நான் யோசித்தேன். என் தொழில் மூளையை வைத்து யோசித்தேன், அதுதான் வினை.

பென் டிரைவ் என்பது நகம் அளவு. என்னிடம் வேலை செய்பவர்கள் ஆள் உயரத்து அண்டாவையே கரையான்சாவடிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் தொலைத்துவிட்டு வந்தவர்கள். நகம் அளவுப் பொருளை நம்பி மகளின் நிச்சயதார்த்தத்தை வைக்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்கே போனேன். "உள்ள மாட்டறதா, வெளிய மாட்டறதா? எவ்ளோ கொள்ளளவு? எந்த மாடல்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு எட்டியதைக் காட்டி, "இது" என்றேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், மவுஸை வைத்துத் தேய்க்கிற ரப்பர் பாய்.

கிளவுட் என்பது என்னவென்று விசாரித்தேன். நம் போட்டோ எல்லாம் யாரோ ஒருவருடைய இடத்தில், அவருடைய மெஷினில் இருக்குமாம். இருபது வீட்டுக்குப் பாத்திரம் அனுப்புகிறவனிடமா இதைச் சொல்வது? அடுத்தவன் இடத்தில் விட்ட பொருள் திரும்பி வந்தாலும் மூடி வராது.

கடைசியில் நம்ம லோடு ஆட்டோ பாபுவிடம் கேட்டேன். அவனிடம் மட்டும்தான் எனக்குக் கூச்சம் கிடையாது.

"இன்னா அண்ணாத்தே, இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கினு கீறே? ஒரே ஆள்கிட்ட குட்த்தாதானே காணாமப் பூடும்? கல்யாண குரூப்பு ஒண்ணு கீதுல்ல, ரெண்டு ஊட்டு சொந்தமும் அதுல குந்திகினு கீது. அதுல போட்டு உட்டுடு. அத்தினி பேரு போனும் ஒரே நாள்ல பூடுமா?"

அடடா, என்ன அறிவு! ஒரே குடோனில் வைக்காமல் ஊர் முழுக்கப் பிரித்து வைப்பது. இது எனக்குப் புரிந்தது.

மத்தியானம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். போனில் வருகிற குரூப்பைக் கம்ப்யூட்டரிலும் வரும்படி வாணி எப்போதோ செய்து வைத்திருந்தாள். போட்டோவை எல்லாம் ஒரு இடத்தில் சேர்த்தேன். இரண்டு நடை அடிப்பது எனக்குப் பிடிக்காது. டெம்போ கிளம்பினால் எல்லாச் சாமானும் அதிலேயே ஏற வேண்டும். அதனால் கம்ப்யூட்டரில் இருந்த மற்றதையும் அதிலேயே ஏற்றினேன். மொத்தத்தையும் ஒரே அமுக்கில் பிடிக்கிற இரண்டு பட்டன்களை வாணி சொல்லிக்கொடுத்திருந்தாள். பிடித்தேன். அனுப்பினேன். சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதே இல்லை.

மோர் ஊற்றும்போது வாணி ஆபீஸிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா! என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

"பேக்கப் எடுத்துட்டேம்மா."

"குரூப்பைப் பாருப்பா" என்றாள், அழுகிற குரலில்.

பார்த்தேன். போட்டோக்களுக்குக் கீழே கட்டைவிரல்கள், பூக்கள். அதற்கும் கீழே, துண்டை வயிற்றில் செருகிக்கொண்டு நான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், கண் சரியாகத் தெரியாது போல, "சண்முகவேல் நல்லாப் பேசுதான், உடம்பு மட்டும் எளச்சிட்டான்" என்று குரல் பதிவு போட்டிருந்தார்.

"உடனே அழிப்பா! எல்லாருக்கும் அழின்னு இருக்கும் பாரு, அத அமுக்கு!"

எச்சில் கை. அமுக்கினேன். வீடியோ மறைந்தது. என் போனிலிருந்து மட்டும்! 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அமுக்கியிருக்கிறேன். உலகத்தில் எல்லோரிடமும் அது இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை. மற்றவர்கள் போட்டதை அழிக்கிற அதிகாரம் குரூப் அட்மினுக்கு உண்டாம்.

"அவருக்குப் போன் போட்டு அழிக்கச் சொல்லேன்மா. யாரு அட்மின்?"

"மாமாதான்பா" என்றாள் வாணி. சம்பந்தி.

அன்று சாயங்காலமே ஆப்பிள் வாங்கிக்கொண்டு தேவியும் நானும் நசரத்பேட்டைக்கு ஆட்டோவில் போனோம். கல்யாணம் நின்றுவிட்டால் வாணி முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

"நீதான் பேசணும்" என்றாள் தேவி.

"நீ பேசேன்."

"வீடியோல அவ்ளோ வாய் கீதே, அது எங்க போச்சு?"

"அது அவரு வாயி."

சம்பந்திதான் கதவைத் திறந்தார். சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கடைசியில் எனக்கு வந்தது ஒரே வாக்கியம்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. பேக்கப் எடுத்தேன்."

"யாரை? என்னையா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் குதிகாலைத் தூக்குவேனா?"

காபி கொண்டுவந்த சம்பந்தியம்மா பதில் சொன்னார். "தூக்குவீங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான். கல்யாணமான நாள்ல இருந்து சொல்லிட்டுக் கெடக்கேன், கேட்டாத்தானே? இப்ப அவுக செஞ்சு காட்டவும் தெரியுதுல்லா?"

"ஆகவே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரவர் டம்ளரைப் பார்த்தோம்.

"எத்தனை மேடையில பேசியிருக்கேன்" என்றார் பிறகு. "ஒருத்தன் எங்கிட்ட சொல்லலியே. சரி விடுங்க, கல்யாணம் நடக்கும். பிள்ளைக என்ன பாவம் செஞ்சுச்சு? ஆனா இனிமே நான் மைக்கைத் தொட மாட்டேன்."

தொடவில்லை. கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் செத்துப்போனது. வாணி போட்டோக்களை எல்லாம் குரூப்பிலிருந்துதான் திரும்ப எடுத்தாள். கொஞ்சம் மங்கல், ஆனால் ஒன்றுகூடக் குறையவில்லை. (இதற்காக இன்றுவரை ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை.)

ரிசப்ஷனில் சம்பந்தி "எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்று மைக் இல்லாமலே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டு நகைப்பதற்கென்றே திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த கூட்டம் திகைத்துப்போயிற்று. சம்பந்தியம்மா நேராக என்னிடம் வந்தார்.

"கெடுத்தது நீங்கதான? நீங்களே பேசுங்க. பேச்சு இல்லாம எங்க சொந்தக்காரங்க பந்திக்கு எந்திரிக்க மாட்டாங்க."

மைக்கை வாங்கினேன். மூச்சுதான் வந்தது. கண்ணை மூடிக் குதிகாலைத் தூக்கினேன். "ஆகவே" என்றேன். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால், முதலில் கை தட்டியது சம்பந்தி.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும் வரவேற்புரை நான்தான். என்னைப் போலப் பேச எனக்கு இன்னும் வராது. அவரைப் போல மட்டும்தான். "அசல் அழிஞ்சு போச்சு, காப்பி பூந்தமல்லில பத்திரமா இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் மாப்பிள்ளை சொல்கிறார்.

போன மாதம் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். பாதிப் பேச்சில் எனக்கு வரி மறந்துபோயிற்று. முதல் வரிசையில் இருந்த சம்பந்தியை உதவிக்குப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"என்னையப் பாத்து என்ன செய்ய? எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு."